இரண்டு நிமிடம்

என் வேலை மணி அடிப்பது.
எலுமிச்சம்பழ வடிவில் ஒரு சமையல் கடிகாரம்.
பள்ளி கேன்டீனில் முட்டை வேகும் நேரத்தை
இருபத்திரண்டு வருஷம் எண்ணியது.
இப்போது லூத்தரன் கோவிலின் நிலவறையில்
மனிதர் பேசும் நேரத்தை எண்ணுகிறது.

ஆளுக்கு இரண்டு நிமிடம்.
பாஸ்டர் பிராண்ட்வோல்டின் ஜெபத்துக்கும் அதே கணக்கு.
ஒரு தடவை ஆமென் வருமுன்பே அடித்துவிட்டேன்,
எதிர்ச்சாரி பாப்டிஸ்ட் கோவிலின் டீக்கன் பெட்வே
இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி.
நாற்பது வீட்டுச் சமையலறைகளில்
ஆறிய காப்பிக்கு முன் உட்கார்ந்து
ஒரே கேள்வியைக் கேட்டு நிரப்பிய நாற்காலிகள்:
ராத்திரி உங்களைத் தூங்கவிடாதது எது?

ஒருவர் மகன் என்றார். ஒருவர் கரண்ட் பில்.
மசூதியிலிருந்து வரும் ஹோதான்
வெகுநேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:
"தூங்க முதலில் வீடு போய்ச் சேர வேண்டுமே."

அங்கே பிடித்தோம் நூலின் நுனியை.
முப்பத்துநாலாம் எண் பஸ்.
ஒன்பது மணியோடு நின்றுவிடும்.
முதியோர் இல்லத்தில் அவள் ஷிஃப்ட் முடிவது பதினொன்றுக்கு.
இடையில் ஈரி ஏரியின் காற்று,
நடைபாதை இல்லாத நாலு மைல்.

கூட்டத்தன்று
கோட்டுகள் தொங்கும் அறையில் ஹோதான் தொழுதாள்.
மெக்கா எந்தப் பக்கம் என்று
டீக்கன் தன் போனில் பார்த்துச் சொன்னார்,
நாலு கோட்டை நகர்த்தி வைத்தார்.

முதலில் பேச வேண்டியவள் யூஃபீமியா.
மூன்று ஒத்திகை. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. பனியில் நடந்த கதை.
மைக் முன்னால் வந்ததும்
தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"மிஸ்டர் ஹல்பர்ட் என் கையைப் பிடித்திருந்தார்.
என் ஷிஃப்ட் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.
அவர் மூச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது.
வேறு மாதிரி என்றால் எங்களுக்குத் தெரியும்.
எட்டு ஐம்பது.
கடைசி பஸ்.
அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்."

அப்புறம் நின்றாள்.

"பஸ் கிடைத்தது," என்றாள்.

எலுமிச்சை என் உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது.
பத்து விநாடி இருந்தது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

அடித்தேன்.

முந்நூறு முகமும் என் பக்கம் திரும்பியது.
திரும்பட்டும்.
போன வருஷம் போக்குவரத்து ஆணையர் இதே இடத்தில்
நாற்பது நிமிடம் பேசினார், கைதட்டிவிட்டு
நாங்கள் வெறுங்கையோடு வீடு போனோம்.
இந்த மணி அவருக்காகத்தான் வந்தது.
அவளுக்கு நீட்டினால் அவருக்கும் நீட்ட வேண்டும்.
இந்த நியாயத்தை எனக்கு நானே
எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

ஆணையர் கெரிட்டி எழுந்தார்.
பட்ஜெட் என்றார், ஆய்வு என்றார்,
தன் அம்மாவும் பக்திமான் என்றார்.
அடித்தேன்.
டீக்கன் கேட்டார்: "நடுராத்திரி வரை பஸ். ஆமாவா, இல்லையா?"
யாரும் இருமவில்லை.
ஹீட்டர் குழாய் மட்டும் டக்கென்றது.

"பத்தரை வரை," என்றார். "ஆறு மாசம். சோதனைக்கு."

கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.
மூன்றாம் வரிசையில் ஹோதான் மட்டும்
விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் வட்டமாக நிற்பது வழக்கம்,
ஆளுக்கு ஒரு சொல்.
நன்றி என்றார் பாஸ்டர். பாதி என்றார் டீக்கன்.
யூஃபீமியா: "விரல்."
ஹோதான்: "பதினொன்று."
என் முறை வந்தபோது
ஒரு சொல்லும் வரவில்லை. தாண்டிப் போனார்கள்.

வாசலில் யூஃபீமியாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.
"நீங்கள் அடித்திருக்காவிட்டால்
நான் பொய் சொல்லியிருப்பேன்," என்றாள்.
என்ன பொய் என்று கேட்கவில்லை நான்.

ஹோதானை என் காரில் கொண்டுபோய் விட்டேன்.
பாலத்தருகே சிவப்பு விளக்கில்
கைப்பைக்குள் மணி அடித்தது.
இருவரும் திடுக்கிட்டோம்.
யார் திருகியது என்று தெரியவில்லை.
"வியாழக்கிழமை யார் வீட்டுச் சமையலறை?" என்றாள்.